உங்களுக்குப் பிடித்த கேம் ஸ்டூடியோவை விற்றுவிட்டார்களா? செய்ய வேண்டியவை

செய்தி வந்த அன்றைக்கு இரண்டே வேலைதான். ஒன்று, அடுத்த கேமுக்கு முன்பணம் கட்டும் எண்ணத்தை ஒத்திப்போடுங்கள். இரண்டு, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கேம் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பில்லியன் டாலர், தலைவர் பேட்டியில் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஆற அமரப் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு மலேசியாவில், கெடா மாநிலத்து பீடோங்கில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை. அதற்கு முன்பு சைபர் கஃபே நடத்தினேன். சுற்றியிருந்த தோட்டங்களின் பையன்கள் பள்ளி விட்டதும் வந்து ரெட் அலர்ட் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்று மல்லுக்கட்டுவார்கள். இப்போது அவர்கள் தங்கள் பிள்ளைகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் கேள்வி: "அக்கா, அந்தக் கம்பெனிய வித்துட்டாங்களாமே, இனிமே கேம் நல்லா வருமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முன்பணம்

கட்டாதீர்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கட்டியிருந்தால், கேம் வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். மற்ற கடைகளின் விதி வேறு. வாங்கும் முன் படியுங்கள்.

கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்

இதற்குத்தான் ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டும். வைஃபையை அணையுங்கள். ஸ்டீம், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இஏ) கம்பெனியின் இஏ ஆப் என்று எது ஓடினாலும் முழுதாக மூடிவிட்டு, கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் அதன் ஐகானை நேராகச் சொடுக்குங்கள். கேம் தானாக ஓடினால் பிழைத்தீர்கள். அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். "உள்நுழையுங்கள்" என்று கேட்டால், கணக்கு உயிரோடு இருக்கும் வரைதான் கேமும். "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று வந்தால் நீங்கள் கொடுத்த காசு வாடகைதான். தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் மூடியது. அதன் பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். விற்ற கேமை முடக்கக் கூடாது என்று அந்தக் கோபத்தில் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரே கேம் இரண்டு இடத்தில் கிடைத்தால் ஜிஓஜி (GOG) என்ற ஆன்லைன் கடையில் வாங்குங்கள். அங்கே இன்ஸ்டாலரையே இறக்கி வைத்துக்கொள்ளலாம், நகலைத் தடுக்கும் பூட்டு கிடையாது. பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும் கூடவே 1, 2, 3 என்று எண் போட்ட .bin கோப்புகளும் இறங்கும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செட்டப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்து வருகிறார்கள். அது சின்னதாக இருக்கிறதல்லவா, அதுதான் கேம் என்று நினைப்பு. ஒரு .bin கோப்பு குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். நகலெடுத்த கையோடு, நகலிலிருந்தே ஒருமுறை இன்ஸ்டால் செய்து பாருங்கள். சேமித்த ஆட்டங்கள் பெரும்பாலும் வேறு ஃபோல்டரில், டாகுமென்ட்ஸுக்குள் இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள்.

பழைய ஒரிஜினல் சிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட சிடிகள் விண்டோஸ் 10-லிருந்தே ஓடுவதில்லை. கேமில் கோளாறு இல்லை. அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. ஆனாலும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், இன்ஸ்டால் செய்யக் கேட்கும் சீரியல் எண் அதில்தான் இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு சிடியில் பூஞ்சை ஏறும் என்பதால் படிக்க முடிகிறபோதே கம்ப்யூட்டரில் முழு நகல் எடுத்துவிடுங்கள். (பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய சிடிக்குப் பூட்டும் இல்லை, உறையும் இல்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.)

முதல் கேமை வைத்து முடிவு கட்டாதீர்கள்

"வித்து ரெண்டு வருஷம் ஆச்சு, கேம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். லாஸ் வேகஸின் வெஸ்ட்வுட் ஸ்டூடியோவை இஏ 1998-ல் 12 கோடி 25 லட்சம் டாலருக்கு வாங்கியது. என் கஃபேயில் நாற்காலிக்கு அடிதடி நடந்த ரெட் அலர்ட் 2 வெளிவந்தது 2000-ல், அதாவது கைமாறிய பிறகு. வெஸ்ட்வுட்டை மூடியது 2003-ல். இங்கிலாந்தின் புல்ஃபிராக்கும் இதே மாதிரிதான். 1995-ல் இஏ வாங்கியது. டஞ்சன் கீப்பர், தீம் ஹாஸ்பிட்டல் இரண்டும் 1997-ல் வந்தன. நிறுவனர் பீட்டர் மோலினோ அதே ஆண்டு வெளியேறினார். 2001-ல் புல்ஃபிராக் என்ற பெயரே போயிற்று.

ஒரு கேம் செய்ய இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. அதனால் கைமாறிய பிறகு வரும் முதல் கேம் பழைய ஆட்கள் பழைய நினைப்பில் தொடங்கியதாகத்தான் இருக்கும். புது முதலாளியின் கை இரண்டாவதில், மூன்றாவதில்தான் தெரியும். ஆகவே முதல் கேமைத் தயங்காமல் ரசியுங்கள். இரண்டாவது வரும்போது கண்ணைத் திறந்து வையுங்கள்.

எதைப் பார்ப்பது? கேமின் வகை மாறுகிறதா என்று பாருங்கள். வியூகக் கேம் செய்து பேர் வாங்கிய வெஸ்ட்வுட், கடைசியில் எர்த் அண்ட் பியாண்ட் என்ற மாதச் சந்தா ஆன்லைன் கேமில் போய் நின்றது. தனியாக உட்கார்ந்து கதை விளையாடுவதற்கென்றே பேர்போன பயோவேர், 2019-ல் ஆந்தம் என்ற கூட்டுச் சுடும் கேமைக் கொண்டுவந்தது. அதன் சர்வரை 2026 ஜனவரியில் மூடினார்கள். பழக்கமில்லாத வகை, எப்போதும் இன்டர்நெட், கேமுக்குள்ளேயே கடை: மூன்றும் ஒன்றாக அறிவிப்பில் வந்தால் 250 வெள்ளியை (ரிங்கிட்) பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக விற்றால் ஸ்டூடியோ தப்பிக்கும் என்பதும் பொய். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்த என்செம்பிளை 2001-ல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், ஹேலோ வார்ஸ் முடிகிற கையோடு 2009 ஜனவரியில் மூடியது. 2023-ல் எல்லாரும் பாராட்டிய ஹை-ஃபை ரஷ் கேமைச் செய்த டேங்கோவை மறு வருஷம் மே மாதமே மூடுவதாக அறிவித்தது.

அதற்காக வாங்குகிறவர் எல்லாரும் கெடுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். மைன்கிராஃப்டை மைக்ரோசாஃப்ட் 2014-ல் 250 கோடி டாலருக்கு வாங்கியது. செய்தவர் போனார், கேம் இன்றும் ஓகோவென்று இருக்கிறது.

ஒப்பந்தச் செய்தியில் எதைத் தேடுவது

மொத்தத் தொகையை விடுங்கள். பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒரு பகுதியை இப்போது கொடுத்து, மிச்சத்தை "இத்தனை விற்றால் தருவோம்" என்று நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கெடு முடியும் வருஷம்தான் கவனிக்க வேண்டிய வருஷம். சப்நாட்டிகா செய்த அன்நோன் வேர்ல்ட்ஸை 2021-ல் கிராஃப்டான் 50 கோடி டாலருக்கு வாங்கியது; மேலே 25 கோடி வரை பிறகு தருவதாகப் பேச்சு. 2025 ஜூலையில் தலைமையில் இருந்த மூவரும் நீக்கப்பட்டார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

அடுத்தது கடன். இஏ கம்பெனியையே 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்களே, அதில் 2,000 கோடி கடன். வாங்குவதும் விற்பதும் யாராக இருந்தாலும் வட்டியைக் கேம் விற்றுத்தான் கட்ட வேண்டும். எம்பிரேசர் குழுமம் கண்ட ஸ்டூடியோவை எல்லாம் வாங்கிக் குவித்தது. 2023-ல் எதிர்பார்த்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் கைவிட்டுப் போனதும், செயின்ட்ஸ் ரோ செய்த வொலிஷனை அதே வருஷம் மூடியது.

ஆட்களைப் பின்தொடருங்கள்

பெயர் மிஞ்சினாலும் ஆட்கள் மிஞ்ச மாட்டார்கள் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981 செப்டம்பர் 7 காலையில், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. 2007-ல் சைம் டார்பியோடு சேர்த்தார்கள், பெயர் மறைந்தது. 2024-ல் அந்தத் தோட்டக் கம்பெனி எஸ்டி கத்ரி என்று பெயரை மறுபடி மாட்டிக்கொண்டது. பெயரைப் பார்த்து, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்த ஜனமும் திரும்பி வந்துவிட்டது என்று யாராவது நினைப்பார்களா? அவர்கள் எப்போதோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.

கேமிலும் பெயர் கம்பெனிச் சொத்து. 2014-ல் டஞ்சன் கீப்பர் என்ற அதே பெயரில் இஏ ஒரு மொபைல் கேம் விட்டது. ஒரு பாறையை உடைக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். அதை "இலவசம்" என்று சொன்ன விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே கேம்களைச் செய்தவர்கள் விவரம் இருக்கும் மோபிகேம்ஸ் என்ற இணையதளத்தில் பழைய கேமின் பெயர்ப் பட்டியலையும் புதியதின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயக்குநர், தலைமை வடிவமைப்பாளர், தலைமை புரோகிராமர், இசை. இந்த நான்கில் ஒருவர்கூட மிஞ்சவில்லையென்றால் அது வேறு ஸ்டூடியோ. (மோபிகேம்ஸையே 2022-ல் அட்டாரி என்ற கேம் கம்பெனி வாங்கிவிட்டது. சிரிக்காதீர்கள்.)

போனவர்கள் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பார்கள். வெஸ்ட்வுட் ஆட்கள் பெட்ரோகிளிஃப் தொடங்கினார்கள். 2020-ல் கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டர்டைச் செய்ததும் அவர்களே, படங்களைப் புதுப்பித்தது நம் நாட்டு லெமன் ஸ்கை ஸ்டூடியோ. தீம் ஹாஸ்பிட்டல் வேண்டுமென்றால் பழைய புல்ஃபிராக் ஆட்கள் 2018-ல் கொடுத்த டூ பாயிண்ட் ஹாஸ்பிட்டலை வாங்குங்கள். ஹிட்மேன் செய்த ஐஓ இன்டராக்டிவ், 2017-ல் ஸ்கொயர் எனிக்ஸிடமிருந்து தன்னைத் தானே மீட்டுக்கொண்டது, ஹிட்மேன் உரிமையோடு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்க வைத்தாரே, அந்த வழி. அபூர்வம், ஆனால் நடக்கிறது.

சில சமயம் கேமைக் காப்பாற்றுவது செய்தவர்கள் அல்ல, விளையாடியவர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ரசிகர்களாக மாட் (கேமில் தாங்களே சேர்க்கும் மாற்றங்கள்) செய்துகொண்டிருந்தவர்களே ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று கூடி, இன்று அதிகாரபூர்வமாக அதை வளர்க்கிறார்கள். 2016-ல் மலாய் நாகரிகத்தைச் சேர்த்தார்கள். 2022-ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் படை தமிழிலேயே பேசுகிறது, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத் தொடரும் உண்டு. அவன் படையெடுத்த கடாரத்திலிருந்து, அதாவது இன்றைய கெடாவிலிருந்து, அதுவும் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை விளையாடுவது ஒரு கூத்துதான். முதலில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த கேமை வாங்க வேண்டும், இது அதன் மேல் தனி விலை. ஸ்டீம் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள்.

நகலெடுக்கத் தெரியாதவர்கள் ஹார்ட் டிஸ்கோடு கடைக்கு வரலாம். 1 டிபி போதும், எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி எடுத்து வாருங்கள். வெள்ளிக்கிழமை கடை இல்லை.