இரும்புச்சத்து: களைப்பு என்றதும் மாத்திரையா?

கொஞ்ச நாளாக ஒரே களைப்பு. “இரும்புச்சத்து குறைஞ்சிருக்கும்” என்று யாராவது சொன்னால் போதும், சோதித்துப் பார்க்காமலே மாத்திரை போட ஆரம்பித்துவிடுகிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தைராய்டு கோளாறு, பி12 குறைபாடு, தூக்கக்குறைவு என எல்லாமே இதே களைப்பைத் தரும். அதோடு, மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. உதிரும் தோல், குடல் செல்களோடு நாளுக்கு 1 மில்லிகிராம் அளவில் போவதோடு சரி. மாதவிடாய் உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும்.

ஆகவே உடம்பு வாசலிலேயே காவல் வைக்கிறது. கையிருப்பு போதுமானதாக இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடல் வழியாக இரும்பு நுழைவதைக் குறைத்துவிடும். இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. இரும்பு இல்லாமல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவால் ஆற்றல் தயாரிக்க முடியாது. அதே இரும்பு, அதைச் சேமித்து வைக்கும் ஃபெர்ரிட்டின் என்ற புரதத்துக்குள் அடங்காமல் தனியே திரிந்தால், ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து செல் சவ்வையும் டிஎன்ஏவையும் சிதைக்கும். ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோயில் இந்தக் காவல் தளர்ந்து, கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் இரும்பு படிந்துவிடுகிறது.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அது சரியாக இருக்கும்போதே கையிருப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் பரிசோதனை. ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக ஏறும். உடம்பு தேறியபின் பார்ப்பது நல்லது.

அடுத்தது டீ. மாத்திரையை டீயோடு விழுங்குவதும், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் பலருக்குப் பழக்கம். டீயிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரை, பருப்பில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைவிடக் குறைவாகவே உடம்பில் சேரும். கூடவே வைட்டமின் சி உள்ள பழமோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் கூடுதலாகச் சேரும்.

சீக்கிரம் தேறட்டும் என்று நீங்களாகவே இரண்டு வேளை போடாதீர்கள். ஒரு மாத்திரை போட்டதுமே ஹெப்சிடின் ஏறி, சுமார் ஒரு நாள் வாசலைக் குறுக்கிவிடும். சில மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதித் தருவது இதனால்தான். அப்புறம், ஹீமோகுளோபின் ஏறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகலாம்.

மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பளபளவென்று மிட்டாய் மாதிரியே இருக்கும். ஒரு சிறு குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நேர்ந்துவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.