ஹுவாவே பிபியூ-வில் லேப்டாப்பை இணைப்பது எப்படி?

டவர் சைட்டில் இருப்பது ஹுவாவே பிபியூ3900 (மொபைல் டவரின் சிக்னலைக் கையாளும் பேஸ்பேண்ட் யூனிட்) என்றால் வேலை சுலபம். அதைப் பார்த்துப் பராமரிக்க உதவும் வெப் எல்எம்டி-க்கு பிரவுசரே போதும். தகராறெல்லாம் கேபிளிலும் ஐபி-யிலும்தான்.

கிளம்பும் முன்பே லோக்கல் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டை வாங்கிவிடுங்கள். சென்ட்ரல் சர்வர் சரிபார்த்து அனுமதிக்கும் அக்கவுன்ட், டிரான்ஸ்மிஷன் (சைட்டை நெட்வொர்க்கோடு இணைக்கும் லைன்) அறுந்த சைட்டில் உள்ளே விடாது. லேப்டாப்போடு ஓடவேண்டி வருவதோ பெரும்பாலும் அந்த மாதிரி சைட்டுக்குத்தான். கதவைத் திறந்தால் அலாரம் போகும், அதனால் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையமான என்ஓசி-க்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1. உடம்பிலுள்ள ஸ்டாட்டிக் மின்சாரம் போர்டைக் கெடுக்காமல் தடுக்கும் ஈஎஸ்டி ரிஸ்ட் ஸ்டிராப்பைக் கட்டிக்கொண்டு, 6 அல்லது 7ஆம் ஸ்லாட்டில் உள்ள யூஎம்பிடி போர்டைப் (மெயின் கன்ட்ரோல் போர்டு) பாருங்கள். ரன் லைட் ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணைந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. படபடவென்று மின்னினால் சாஃப்ட்வேர் ஏறிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். இரண்டு போர்டு இருந்தால், ஆக்ட் லைட் விடாமல் எரிவதில் இணையுங்கள்.

2. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். லேன் கேபிள் செருகத் தோதாகத் தெரிவது எஃப்இ/ஜிஇ0 போர்ட். அது டிரான்ஸ்மிஷனுக்கானது. அதில் இருக்கும் கேபிளை உருவினால் சைட்டே விழுந்துவிடலாம். நமக்கு வேண்டியது யூஎஸ்பி என்று எழுதியிருக்கும் போர்ட். பக்கத்திலேயே சிஎல்கே என்று இன்னொன்று அச்சு அசலாக அதேபோல இருக்கும். அது கிளாக் சிக்னலுக்கு. கேபினட்டுக்குள் இருட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதால், தலையில் மாட்டும் டார்ச்சை நான் கட்டாயம் என்பேன். ஆர்எஸ்டி பட்டனில் விரல் படக்கூடாது, போர்டு ரீசெட் ஆகிவிடும்.

யூஎஸ்பி போர்ட்டில் லோக்கல் மெயின்டனன்ஸ் அடாப்டர் கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் லேன் கேபிளை மாட்டி லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். அடாப்டர் பிபியூ பக்கம் இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு டாங்கிளை நம்பாமல், இதற்கென்றே உள்ளதை ஸ்டோரில் கேட்டு வாங்குங்கள். பழைய ஜிடிஎம்யூ, டபிள்யூஎம்பிடி போர்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஈடிஎச் போர்ட்டில் நேராக லேன் கேபிள் போகும்.

3. பிபியூ-வின் டீஃபால்ட் முகவரி 192.168.0.49. லேப்டாப்புக்கு 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள்; கேட்வே காலியாக இருக்கட்டும். வைஃபையை அணைத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டும் 192.168.0 வரிசையிலேயே இருந்தால் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) அந்தப் பக்கம் போய்விடும்.

4. பிபியூ-வின் முகவரிக்கு பிங் கொடுத்து, பதில் வந்தபின் பிரவுசரில் அதே முகவரியை அடியுங்கள். பிங் வந்தும் பக்கம் திறக்கவில்லையா? ஆபீஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் பிராக்ஸிதான் காரணம், அதை எடுத்துவிடுங்கள். சர்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தால், முகவரி சரிதானா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். பழைய வெர்ஷன்கள் ஜாவா கேட்கும். அதற்கென ஒரு பழைய லேப்டாப்பை ஒதுக்கி வைப்பது நல்லது.

5. உள்ளே போனதும் எல்எஸ்டி ஏஎல்எம்ஏஎஃப் (LST ALMAF) என்ற கட்டளையைக் கொடுத்து அலாரங்களையும், டிஎஸ்பி பிஆர்டி (DSP BRD) கொடுத்து போர்டுகளின் நிலையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் எதையும் மாற்றவேண்டாம்.

பிங்கே வரவில்லை, ஆனால் லேன் லைட் எரிகிறது என்றால், அந்த சைட்டில் லோக்கல் ஐபி-யை மாற்றியிருக்கலாம். டிரான்ஸ்மிஷன் இருக்கும் சைட் என்றால், என்ஓசி-யில் எல்எஸ்டி லோக்கல்ஐபி (LST LOCALIP) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லைட்டே எரியாவிட்டால் சிஎல்கே-யில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.