அவர்களுடைய கம்பி, நம்முடைய விரல்: ராக் கிட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபத்தாறு வயதில் டெக்சாஸ்காரரான கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் வாசிப்பை முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த வாரமே அவர் போட்டிருந்த கனத்திலேயே கம்பிகள் வாங்கி என் கிட்டாரில் மாட்டினேன். அந்தக் கட்டில் இருப்பதிலேயே மெல்லிய கம்பி 0.013 அங்குலம். அதுவரை என்னிடம் இருந்தது 0.009. மூன்றாவது வாரம் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னேன். கிட்டார் கம்பியிடம் தோற்றேன் என்று எப்படிச் சொல்வது?

முப்பது ஆண்டுகளாக வாரக் கடைசியில் மட்டும் வாசிக்கும் ஆள் நான். மேடை ஏறியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்த தவறுகளுக்கு விரல் போதாது. இன்று திரும்பிப் பார்த்தால் அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நமக்குப் பிடித்த கலைஞர் தன் சிக்கலுக்கு ஒரு விடை கண்டுபிடித்திருப்பார். அந்தச் சிக்கல் நமக்கு இருக்காது. விடையை மட்டும் காசு கொடுத்து வாங்கிவந்துவிடுவோம்.

கம்பியையே எடுத்துக்கொள்வோம். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால், கம்பியின் விட்டம் கூடக்கூட இழுவிசை விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 9-லிருந்து 13-க்குத் தாவினால் முதல் கம்பியின் இழுவிசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஸ்டீவி ரே வானுக்குப் பெரிய கைகள். அத்துடன் எல்லாக் கம்பிகளையும் ஒரு மெட்டு அளவு (மெட்டு என்பது கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை; ஒரு மெட்டு என்றால் அரை ஸ்வரம்) சுருதி இறக்கியே வாசித்தார். அதனால் இழுவிசையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த இறக்கத்தை நான் கவனிக்கவே இல்லை. கனத்தை மட்டும் நகலெடுத்தேன்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பவர் பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி. 1965-இல், 17 வயதில், பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலை ஒன்றில் அன்றுதான் அவருக்குக் கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன் மேல் பதனிட்ட தோலை ஒட்டினார். கனமான கம்பி வலித்ததால் பாஞ்சோ கம்பிகளை மாட்டிப் பார்த்தார். பிறகு சுருதியையும் மூன்று மெட்டு வரை இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த, தொய்ந்த ஒலியில் ஒரு தொழிலாளியின் காயமும் கலந்திருக்கிறது. எத்தனை பேர் விரல்கள் முழுதாக இருந்தும் சுருதியை இறக்கிவிட்டு, கம்பி ஏன் மெட்டில் மோதிக் கடகடக்கிறது என்று கேட்கிறார்கள்!

கனத்தையோ சுருதியையோ மாற்றினால் கிட்டாரையும் அதற்கேற்பச் சீர்செய்ய வேண்டும். கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டைச் சிறிது முடுக்கவோ தளர்த்தவோ நேரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கம்பியையும் எங்கும் அழுத்தாமல் மீட்டி ட்யூனரில் பாருங்கள். 12-ஆம் மெட்டில் அழுத்தியும் பாருங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் பிரிட்ஜில் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) கம்பி உட்காரும் சேணத்தைக் கழுத்திலிருந்து தள்ளி வையுங்கள். இறங்கி நின்றால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எட்டு ஆண்டுகள் வாசித்தேன். என் காதுதான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாணயக் கூத்து ஒன்றும் உண்டு. குயீன் குழுவின் பிரையன் மே கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லையான பிக்கை விட்டுவிட்டுப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். வளையாத விளிம்பு வேண்டும் என்பது அவர் தேவை; அந்த நாணயத்தின் உலோகம் எஃகுக் கம்பியைவிட மென்மையானது. நான் எவர்சில்வர் ஐம்பது காசை எடுத்து முயன்றேன். ஒரு மாலையில் இரண்டு கம்பிகள் அறுந்தன. இதே மே 1963-இல் தந்தையுடன் சேர்ந்து தன் கிட்டாரைச் செய்யத் தொடங்கியதற்குக் காரணம், ஃபெண்டர் வாங்கக் கையில் பணம் இல்லாததுதான். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், ஸ்வரத்தை ஆட்டும் அதிர்வுக் கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அந்த ஏழ்மையின் நகலை இன்று கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கலாம்.

அடுத்தது வாட். மார்ஷல் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) 1960-களின் நடுவில் பிறந்தபோது, கிட்டார் ஒலியை மைக் வைத்து அரங்கின் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வசதி பெரிதாக இல்லை. ஆம்ப்தான் அரங்கை நிரப்ப வேண்டும். உங்கள் அரங்கு பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்திறன் வேண்டும். ஆகவே 10 வாட் ஆம்ப், 100 வாட்டின் பாதிச் சத்தம் போடும். கண்ணாடி வெற்றிடக் குழாய்களில் இயங்கும் வால்வு ஆம்ப் என்றால் கொஞ்சம் உழைத்தால்தான் அதன் குரலே திறக்கும்; 100 வாட்டை வீட்டில் அந்த நிலைக்கு ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் நம் கதவைத் திறந்துவிடுவார்.

அதற்குப் பயந்து ஹெட்போனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆம்ப்களை மலைபோல் அடுக்கி வாசித்த த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தன் செவிக்குறைக்கு மேடையைவிட ஸ்டூடியோ ஹெட்போனையே குற்றம் சொன்னார்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் குமிழை முழுக்கத் திருப்பி வைப்பது எல்லோரும் செய்வது. ஏசி/டிசி குழுவின் பதிவுகளை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். மால்கம் யங்கின் ரிதம் கிட்டார் நாம் நினைப்பதைவிட எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தெரியும். அந்த இடி கையின் அடியிலிருந்து வருகிறது. டிஸ்டார்ஷன் கூடினால் மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், தவறுகளும் கரைந்துவிடும். வீட்டில் அது சுகம். டிரம்ஸும் பேஸும் சேர்ந்தவுடன் நம் கிட்டார் தேனீக்கூட்டம் போல எங்கோ பின்னால் ரீங்கரிக்கும். நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவில் பாதிக்கு இறக்கி ஒரு மாதம் வாசியுங்கள். முதல் வாரம் உங்களை நீங்களே வெறுப்பீர்கள்.

கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவதில் நமக்கு ஒரு முன்னனுகூலம் உண்டு. வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே வேலைதான். ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், சக்தி குழுவில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடையே பலகையைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். கம்பியை இழுக்க இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான். ஆனால் நம்மில் பலர் இழுப்போம், போய்ச் சேர மாட்டோம். ஸ்வரம் பாதி வழியில் தொங்கும். முதலில் இரண்டு மெட்டு தள்ளி அந்த ஸ்வரத்தை நேராக வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கீழிருந்து இழுத்து அங்கே போய் நில்லுங்கள். ஒரு விரலால் இழுக்காதீர்கள். பின்னால் உள்ள விரல்களும் முட்டுக்கொடுக்கட்டும்.

தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோநோம் கருவி பற்றிச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. காலப்பிரமாணம் ஓடுகிறவரோடு யாரும் இரண்டாம் முறை வாசிக்க வரமாட்டார்கள் என்பதோடு விடுகிறேன்.

மின்சாரத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் அன்போடு கொண்டுவந்த ஆம்பை நேராகச் சுவரில் செருகினேன். அது 120 வோல்ட்டுக்கானது; நம் வீட்டில் 230. பிளாஸ்டிக் கருகும் வாசனைதான் அதன் முதலும் கடைசியுமான இசை. பின்பலகையைப் படித்துவிட்டு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். வெளியே வரும் வாட்டைப் பார்த்து அதன் அளவை முடிவு செய்யாதீர்கள். ஆம்ப் உள்ளிழுக்கும் வாட்டைப் பாருங்கள். வால்வு ஆம்பில் இரண்டாவது முதலாவதைப் போல் சில மடங்கு இருக்கும். அணைத்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திருகிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம்.

இதைவிடக் கொடியது, இரைச்சல் கேட்கிறது என்று பிளக்கின் மூன்றாவது முள்ளை எடுத்துவிடுவது. கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் கெட்டிருக்கும் இடத்தில் ஒரு கை கம்பியிலும் மறு கையோ உதடோ மைக்கிலும் பட்டால் நடுவில் இருப்பது நம் உடல். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3 அன்று ஸ்வான்சீ மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப்; ஒற்றைச் சுருள் பிக்கப் இயல்பாகவே ஊரிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை (ஹம்) எல்லாம் வாரிக்கொள்ளும். அதற்காகத்தான் கிப்சனில் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். கிட்டாரின் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது பெரும்பாலும் பிக்கப்பின் வேலை. உட்காரும் திசையை மாற்றினாலே பாதி குறையும். நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒலியை மாற்றும் கால்மிதிப் பெட்டிகளான பெடல் வாங்கும் வியாதிக்கு மருந்து இல்லை. அடாப்டரின் முனைத்திசையை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான 9 வோல்ட் பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின்.

நான் மிகத் தாமதமாக உணர்ந்த தவறு, என் நாயகர்களை மட்டுமே கேட்டதுதான். அவர்கள் யாரைக் கேட்டார்கள் என்று தேடவில்லை. விரல் போன பிறகு மனம் உடைந்திருந்த ஐயோமியிடம் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928 தீவிபத்தில் இடது கையின் இரு விரல்கள் முடங்கியும் ஜாஸை ஆண்டவர். ஐயோமியும் மேயும் சிறுவயதில் விழுந்து விழுந்து கேட்டது த ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினை. டிஸ்டார்ஷன் கிடையாது, வேகம் கிடையாது. அவர் வாசித்தால் கிட்டாரே பாடுவது போல இருக்கும்.

மூன்று மாதமாக மார்வினின் பாட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வாயால் பாடி, பிறகுதான் கையில் எடுப்பது. ஒன்பதாம் எண் கம்பி, பத்து வாட் ஆம்ப். அதிர்வுக் கைப்பிடியை அவர் தொட்டும் தொடாமலும் அசைக்கும் ஓர் இடம் இருக்கிறது. இன்னும் பிடிபடவில்லை.