குடல் அறுவை சிகிச்சை: சிக்கல்களைத் தவிர்க்க நோயாளியும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவை

பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் நிமோனியா, கால் இரத்தக் குழாய்களில் இரத்தக் கட்டி, வெட்டுக்காயத்தில் சீழ், குடல் தையலில் கசிவு ஆகியவை வரக்கூடும். இவற்றைத் தடுப்பது மருத்துவரின் பொறுப்பு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வலியைக் கட்டுப்படுத்துதல், சீக்கிரம் உணவு தொடங்குதல், சீக்கிரம் நடக்க வைத்தல் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்பதை டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட் 1990களில் எடுத்துக்காட்டினார். இவற்றில் பெரும்பகுதி நோயாளியின் ஒத்துழைப்பால்தான் நடக்கும்.

தேதி குறித்தவுடன் புகைப்பதை நிறுத்திவிடுங்கள். குறைந்தது 4 வாரங்கள் இடைவெளி கிடைத்தால் நுரையீரலுக்கும் காயம் ஆறுவதற்கும் பெரிதும் நல்லது. இரத்தசோகையையும் சர்க்கரையையும் முன்கூட்டியே சரிசெய்யக் கேளுங்கள். நாட்டு மருந்து உட்பட நீங்கள் உட்கொள்ளும் அனைத்தையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளையும், சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டிய டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவோ தொடரவோ கூடாது. வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள், ஏனெனில் அந்தச் சிறு கீறல்கள் வழியே கிருமி புகும்.

முந்தின இரவிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பொதுவாகத் திட உணவையும் பாலையும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும். குடல் அடைப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. ஆகவே உங்களுக்கான நேரத்தை மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகு உடனிருப்போரின் பாசமே சில சமயம் தடையாகிறது. "அசையாமல் படுங்கள், தையல் பிரிந்துவிடும்" என்ற அச்சம் எல்லா வார்டுகளிலும் உண்டு. அசையாமல் படுத்திருந்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்குகிறது, காலில் இரத்தம் உறைகிறது. மருத்துவர் அனுமதித்தால் அன்று மாலையே கட்டிலில் உட்கார வைத்து, மறுநாள் கைபிடித்துச் சில அடிகள் நடக்க வையுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கொருமுறை, பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியில் நிதானமாகப் பத்து முறை மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இருமும்போது வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொள்ளலாம். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று: வலியுள்ளவர் ஆழ்ந்து மூச்சு விடமாட்டார், ஆகையால் வலி மருந்தைத் தயங்காமல் கேளுங்கள்.

பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் காக்கும் வீடுகள் இன்றும் பல. உண்மை நேர்மாறானது, புரதம் இல்லாமல் காயம் ஆறாது. மருத்துவர் சொன்னதும் திரவத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இவற்றைக் கொடுங்கள். வாந்தியோ வயிற்று உப்புசமோ வந்தால் நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். காயத்தின்மேல் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் போட வேண்டாம்.

மிகவும் அஞ்ச வேண்டியது குடல் தையலில் ஏற்படும் கசிவு. பெரும்பாலும் முதல் ஒரு வாரத்திலும், சிலருக்கு வீடு திரும்பிய பிறகும் இது தெரியவரும். தினமும் நேற்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல், வயிறு இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ, பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், இரவானாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே செல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. புற்றுநோய்க்காக அறுவை நடந்திருந்தால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியைச் சுமார் 4 வாரங்கள் வரை தொடரச் சொல்வதுண்டு. வீடு திரும்பும் நாளில் அது உங்களுக்குத் தேவையா, யார் போடுவது, எவ்வளவு எடைவரை தூக்கலாம் என்பதையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.