விந்தணு இல்லை என்று தெரிந்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி என் மேசையில் ஒரு படிவத்தை வைத்தாள். விந்தணு அறவே இல்லை என்று இரண்டு சோதனையிலும் தெரிந்த ஆண். விரையில் அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. மரபணுச் சோதனைக்கான கட்டம் மட்டும் காலி. பல வருஷத்துக்கு முன் நான் அனுப்பிய படிவமும் இப்படித்தான் இருந்தது.

அறுவை முதலில், மரபணு பிறகு

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் பினாங்குக்கு வந்த தம்பதி. "அக்கா, தைப்பூசத்துக்குள்ள நல்ல சேதி வந்துருமா?" என்று அந்தத் தம்பி கேட்டார். மனைவியின் தாலி தவிர நகையெல்லாம் அடகுக்கடையில். விரையைத் திறந்து நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் தேடியும் ஒரு விந்தணுகூட இல்லை.

அதன் பிறகுதான் ஒய் குரோமோசோம் சோதனை. விந்தணு உருவாகத் தேவையான ஏ, பி, சி என்ற மூன்று பகுதிகளில் அவருக்கு ஏ முழுதாக இல்லை. ஏ அல்லது பி முழுதாக அழிந்திருந்தால் அறுவையில் ஏதும் கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சி மட்டும் என்றால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கிடைக்கும். ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும், அதை முன்கூட்டியே பேச வேண்டும். இந்தக் குரோமோசோமின் தொடர்பு 1976லேயே தெரிந்தது. ஒரு குழாய் ரத்தத்தில் கிடைக்கும் பதிலுக்காக ஒரு மனிதரை வெட்டினோம். இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

தங்கையின் படிவத்தைத் திருப்பி அனுப்பினேன்.

தவறான குழாய்

குரோமோசோம் எண்ண, ரத்தத்தைப் பச்சை மூடிக் குழாயில் எடுங்கள். உயிரணு உயிரோடு வர வேண்டும், உறைய விடாதீர்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ஊதா மூடி.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி

சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு எக்ஸ் எக்ஸ் ஒய், அதாவது ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். விந்தணு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். குழந்தை வேண்டுமென்றால் இந்த ஆண் ஹார்மோன் ஊசி வேண்டாம். இருக்கும் கொஞ்ச உற்பத்தியும் நின்றுபோகும்.

பாதிச் சோதனை

விந்து ஒரு மில்லிக்கும் குறைவு, அமிலத்தன்மை, தொட்டுப் பார்த்தால் விந்துக்குழாய் தட்டுப்படவில்லை. பெரும்பாலும் உற்பத்தி நன்றாக இருக்கும், வழிதான் இருக்காது. இதற்குப் பெரும்பாலும் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணுவைக் கணவன், மனைவி இருவருக்கும் பாருங்கள். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணும் மாற்றங்களை மட்டும் தேடிவிட்டு 'நார்மல்' என்று எழுதாதீர்கள். நம்மவர்களிடம் வேறு மாற்றங்கள் இருக்கும்.

உறவினர் முன் சோதனை முடிவைச் சொல்வது

கூடாது. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்.