600 கஜத்தில் எவ்வளவு தூக்கிப் பிடிப்பது?

இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் நான் முதன்முதலாக 600 கஜத்தில் சுட்டது ஒரு ஏப்ரல் காலை. ஐந்து தோட்டாக்களும் நெருக்கமாகத்தான் விழுந்தன, ஆனால் மையத்துக்கு 9 அங்குலம் கீழே. கை நடுங்கவில்லை. கணக்குதான் பிசகியது. அந்தக் கணக்கைப் பழக வேண்டிய முறையைச் சொல்கிறேன்.

தோட்டா கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழலை விட்ட கணமே விழத் தொடங்குகிறது. ஸ்கோப்பின் (துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியின்) பார்வைக்கோட்டோடு ஒப்பிட்டால் குழல் லேசாக மேல்நோக்கி இருக்கிறது, அதனால்தான் 100 கஜத்தில் குறி சேர்கிறது. எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவு விழும். காற்று வேகத்தைத் தின்னத் தின்ன, ஒவ்வொரு நூறு கஜத்தைக் கடக்கவும் முந்தையதைவிட அதிக நேரம் பிடிக்கும். என் .308 ரைஃபிளில் 175 கிரெயின் எடையுள்ள தோட்டாவுக்கு 300 கஜத்தில் 5 எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான கோணம்) ஏற்றினால் போதும். 600க்கு அதன் இரட்டிப்பு போதாது, 16 வேண்டும்.

முதலில் 100 கஜத்தில் பொறுமையாக ஜீரோ செய்யுங்கள், அதாவது நடுக்குறி காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். இங்கே அரை அங்குலம் பிசகினால் 600இல் மூன்று அங்குலம்.

அடுத்து வேகம். நான் சறுக்கியது இங்கேதான். பெட்டியில் விநாடிக்கு 2,700 அடி என்று அச்சிட்டிருந்ததை நம்பி 14.5 எம்ஓஏ வைத்தேன். அது அவர்களுடைய சோதனைக் குழலின் வேகம். என் குழல் அதைவிடக் குட்டை. பிறகு தோட்டாவின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்தபோது 2,600தான் வந்தது. உங்கள் ரைஃபிளில் நீங்களே அளந்த எண்ணை மட்டும் கணிப்புச் செயலியில் போடுங்கள். கூடவே ஸ்கோப்பின் உயரம், தோட்டாவின் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் (காற்றின் தடையை அது எவ்வளவு தாங்கும் என்ற எண்), வெப்பநிலை, காற்றழுத்தம்.

விடையை அங்குலத்தில் மனப்பாடம் செய்யாதீர்கள். கோணமாக வைத்துக்கொள்ளுங்கள். 1 எம்ஓஏ என்பது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம், 600இல் ஆறேகால். ஆக 16 எம்ஓஏ என்பது நூறு அங்குலம், எட்டடிக்கும் மேல்! அந்த எட்டடியை வெறும் கண்ணால் மதிப்பிட யாராலும் முடியாது. ஸ்கோப்புக்குள் தெரியும் ரெட்டிக்கிளின் கோடுகள் அதற்குத்தான். கோட்டுக்குக் கோடு ஒரு மில் இடைவெளி; 1 மில் என்ற கோண அளவு 3.44 எம்ஓஏ. 16ஐ அதால் வகுத்தால் 4.65. நடுக்குறியை விட்டுவிட்டு, கீழே நாலரைக் கோட்டுக்குச் சற்றுத் தாழ உள்ள இடத்தை இலக்கின் மையத்தில் வையுங்கள். இதுதான் ஹோல்ட்ஓவர்.

ஒரே தூரத்தில் இருபது முறை சுடுவதாக இருந்தால் ஸ்கோப்பின் மேலுள்ள டரெட்டை (குறியை ஏற்றி இறக்கும் திருகை) திருகிவிடுவதே மேல். கால் எம்ஓஏ கிளிக் என்றால் 64 கிளிக். தூரம் மாறிக்கொண்டே இருக்கும்போதுதான் ஹோல்ட்ஓவர் கைகொடுக்கும். உங்கள் ஸ்கோப் செகண்ட் ஃபோக்கல் பிளேன் வகையா (உருப்பெருக்கம் மாறினாலும் கோடுகள் அதே அளவில் தெரியும் வகை) என்று பார்த்துவிடுங்கள். அதில் உருப்பெருக்கத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு காட்டும், தோட்டா இலக்குக்கு மேலே பறந்துவிடும்.

ரைஃபிள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் கணக்கு கெடும். ஸ்கோப்பில் சின்ன ரசமட்டம் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் சுட்டுப் பார்த்து, தோட்டாக்கள் விழுந்த கூட்டத்தின் மையம் எங்கே இருந்தது என்பதை வெப்பநிலையோடு எழுதி வையுங்கள். குளிரில் வெடிமருந்து தரும் வேகம் குறையும், காற்றும் அடர்த்தியாகும். என் நோட்டில் 600க்கு ஜூலையில் 15.75 எம்ஓஏ, ஜனவரியில் 16.5.