கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: ஆபரேஷனுக்கும் ஸ்டென்டுக்கும் முன்னும் பின்னும் நாம் செய்யும் தவறுகள்

என் பெரியப்பாவுக்கு ஒரு காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது கை மரத்துப்போய், பேச்சும் கொஞ்சம் குழறி, பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்றார், நாங்களும் நம்பினோம். மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொல்ல, அவர் அன்றைக்கே கழுத்தில் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வைத்தார். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் குழாயில், இடது பக்கம் 80 சதவீத அடைப்பு. அந்த மூன்று வாரத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காதது முழுக்க அதிர்ஷ்டம். அப்புறம் ஸ்டென்ட், அதாவது குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் உலோக வலைக்குழல் வைத்து, மாத்திரை, செக்கப் என்று இரண்டு வருடமாக அவர் கூடவே இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் நாங்கள் செய்த தவறுகளையும், வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் செய்த தவறுகளையும் பார்த்தபிறகு, இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தக் குழாயில் ஆபத்து எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. கொழுப்புப் படிவு குழாயை அடைத்து மூளைக்கு ரத்தம் போகாமல் தடுப்பதால்தான் பக்கவாதம் வருகிறது என்று நாம் நினைக்கிறோம், பெரும்பாலும் நடப்பது வேறு. அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தக்கட்டி உருவாகி, அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குள் போய்ச் சிக்குகிறது. சின்னத் துணுக்கு கரைந்துவிட்டால் பத்து நிமிடத்தில் கை சரியாகிவிடும். ஆனால் மேலே அந்தப் புண் அப்படியேதான் இருக்கும், அடுத்த துணுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வெடித்த முதல் சில நாட்கள்தான் மிக மோசமானவை.

அதனால் முதல் தவறு, "சரியாகிவிட்டதே" என்று வீட்டிலேயே இருப்பது. ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோலச் சில நிமிடம் இருட்டுவது, இதெல்லாம் மினி ஸ்ட்ரோக். கை எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கக் கழுத்துக் குழாயில் கோளாறு இருக்கும், கண் என்றால் அதே பக்கம். அடைப்பு 50 சதவீதத்துக்கு மேல் இருந்து அறிகுறியும் வந்தவர்களை வைத்து 2004-ல் வெளியான ஒரு கணக்கு சொல்வது இது: இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் (கழுத்தைத் திறந்து படிவை எடுப்பது) செய்தால் 5 பேருக்குச் செய்வதில் ஒருவருக்குப் பக்கவாதம் தடுக்கப்படுகிறது, 12 வாரம் தாண்டிவிட்டால் 125 பேருக்குச் செய்தால்தான் ஒருவருக்குப் பலன். கத்தியும் டாக்டரும் அதேதான், காலம் மட்டும்தான் தப்பிவிட்டது. ஆடி முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாமல், மாஸ்டர் செக்கப்பில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து எடுத்து, ரிப்போர்ட்டில் 60 சதவீதம் என்று பார்த்ததும் பதறி, நாளைக்கே ஸ்டென்ட் என்று ஓடுவது. அறிகுறி வந்தவரும் வராதவரும் ஒரே சதவீத அடைப்பு வைத்திருந்தாலும் ஒரே நோயாளி இல்லை. வட அமெரிக்காவில் 1991-ல் வந்த நாஸ்செட் ஆய்வில், அறிகுறியோடு 70 முதல் 99 சதவீத அடைப்பு இருந்தவர்களுக்கு, மாத்திரை மட்டும் என்றால் இரண்டு வருடத்தில் அதே பக்கத்துப் பக்கவாதம் 26 சதவீதம், ஆபரேஷனோடு 9 சதவீதம். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அறிகுறியே இல்லாதவர்களை எடுத்த 2004-ம் ஆண்டு ஏசிஎஸ்டி ஆய்வில் ஐந்து வருடத்தில் பக்கவாத ஆபத்து கிட்டத்தட்ட 12 சதவீதத்திலிருந்து ஆபரேஷனால் ஆறரையாகக் குறைந்தது, அவ்வளவுதான். அதுவும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்றைக்குப்போல எல்லோருக்கும் கொடுக்காத காலம். 2025 இறுதியில் வெளிவந்த கிரெஸ்ட் 2 ஆய்வில், அறிகுறி இல்லாத 70 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்புக்கு, நான்கு வருடத்தில் பக்கவாதம் போன்ற பாதிப்பு தீவிர மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 6 சதவீதம், ஸ்டென்டும் சேர்ந்தவர்களுக்கு 2.8. அதே ஆய்வின் ஆபரேஷன் பிரிவில் மருந்து மட்டும் என்றால் 5.3, ஆபரேஷனும் சேர்ந்தால் 3.7 என்று வந்தது, அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை. ஆக, செய்யவே கூடாது என்றும் இல்லை, இன்றைக்கே செய் என்றும் இல்லை. இங்கே யோசிக்க நேரம் இருக்கிறது, இன்னொரு டாக்டரைக் கேட்கவும் நேரம் இருக்கிறது.

தலைச்சுற்றல் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது என்று போய், கழுத்து ஸ்கேனில் ஏதோ அடைப்பு தெரிய, அதற்கு ஸ்டென்ட் வைத்து, பிறகும் தலை சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் தலைச்சுற்றலும் மயக்கமும் பொதுவாகக் கரோடிட் அடைப்பின் அறிகுறி இல்லை. அப்புறம், குழாய் 100 சதவீதம் முழுசாக மூடிவிட்டால் வழக்கமாக அதைத் திறக்கமாட்டார்கள், மாத்திரையோடு விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டு "கைவிட்டுட்டாங்க" என்று அழுதவர்கள் உண்டு. கைவிடுவது இல்லை அது, திறப்பதில்தான் அங்கே ஆபத்து அதிகம்.

இன்னொன்று நம் ஊருக்கு முக்கியம். ஆசிய நாட்டு மக்களுக்குக் கழுத்தில் இல்லாமல் மண்டைக்குள்ளேயே இருக்கும் குழாய்களில் அடைப்பு வருவது வெள்ளைக்காரர்களைவிட அதிகம். கழுத்துக்கு ஸ்டென்ட் நல்லதென்றால் மூளைக்குள்ளும் நல்லதுதானே என்று தோன்றும். 2011-ல் வந்த சாம்ப்ரிஸ் ஆய்வு அதைச் சோதித்தது. முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 14.7 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 5.8. ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் அடைப்பு எங்கே என்று எழுதியிருக்கிறது, கழுத்திலா மண்டைக்குள்ளா என்று நேராகக் கேளுங்கள்.

அடுத்தது "கத்தி இல்லை, அதனால் ஸ்டென்ட்தான் பாதுகாப்பு" என்ற நம்பிக்கை. எங்கள் வீட்டிலும் இதைத்தான் சொன்னோம். 2,500 பேரை வைத்து நடந்து 2010-ல் வந்த கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1 சதவீதம், ஆபரேஷனில் 2.3. மாரடைப்பு அப்படியே தலைகீழ், ஸ்டென்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. வயது கூடக்கூட ஸ்டென்டில் பக்கவாத ஆபத்து ஏறுகிறது, சுமார் 70 வயதுக்கு மேல் ஆபரேஷன் பக்கம் தராசு சாய்கிறது. காரணம் எளிது. தொடையிலிருந்து ஏற்றும் கம்பி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வளைவைத் தாண்டித்தான் கழுத்துக்குப் போகவேண்டும், வயதானவர்களுக்கு அந்த வளைவு நெளிந்து, சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்து கிடக்கும். கம்பி உரசினால் அங்கிருந்தே துணுக்கு கிளம்பும். ஆபரேஷனிலோ கழுத்து நரம்பு அடிபட்டுக் குரல் கம்முவது, நாக்கு ஒரு பக்கம் இழுப்பது கிட்டத்தட்ட 5 சதவீதம் பேருக்கு வருகிறது, பெரும்பாலானோருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும். பெரியப்பாவுக்கு 64 வயது, இதயம் பலவீனம், அதனால் ஸ்டென்ட் பொருந்தியது. 78 வயதில் இதயம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அதே முடிவு தப்பாகப் போகலாம். நாம் கேட்கவேண்டிய கேள்வி, "உங்கள் கையில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நடந்தது" என்பது. அறிகுறி வந்தவர்களுக்கு 6 சதவீதத்துக்குள்ளும் வராதவர்களுக்கு 3 சதவீதத்துக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது பல காலமாக டாக்டர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் அளவு. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நாங்கள் கேட்கவில்லை. நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார், கேளுங்கள்.

சரி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இங்கேதான் குடும்பம் செய்யும் தவறுகள் ஆரம்பம், ஏனென்றால் ஆபத்து அதிகமான முதல் 30 நாள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை குறைந்தது நான்கு வாரமாவது சேர்ந்தே போகவேண்டும், சிலருக்கு இன்னும் சில மாதம். அந்தப் புது உலோகத்தின்மேல் உள்தோல் மூடும்வரை அது ரத்தக்கட்டிக்கு இடம். பெரியப்பாவுக்கு 12-வது நாள் பல்வலி. போன கிளினிக்கில் "ரத்தம் இளக்கும் மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க, பிடுங்கிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள், அவரும் யாரிடமும் சொல்லாமல் இரண்டையும் நிறுத்திவிட்டார். மாத்திரை டப்பாவைப் பார்த்து அக்காதான் இரண்டாம் நாள் கண்டுபிடித்தாள். அன்றைக்கு நாங்கள் பட்ட பயம் இன்னும் மறக்கவில்லை. பல், கண், கொலோனோஸ்கோபி எதுவானாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பொதுவாகக் காலம் முழுக்க ஆஸ்பிரின் மட்டும் இருக்கும், அதற்கும் இதேதான்.

இதிலேயே இன்னொரு சின்ன விஷயம். குளோபிடோக்ரெலோடு "கேஸ் மாத்திரை" என்று ஒமிப்ரசோலோ எசொமிப்ரசோலோ சேர்த்தால் குளோபிடோக்ரெலின் வேலை குறைகிறது. பான்டோபிரசோல் போன்றவை அந்தளவு தொந்தரவு செய்வதில்லை. கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிப் போடுவது நம் பழக்கம், அதனால் சீட்டில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குங்கள். மூட்டுவலிக்கு இபுபுரூஃபன் போடுவதும் அப்படித்தான், ஆஸ்பிரினின் பலனைத் தடுக்கும்.

பிரஷர் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்கு விளக்கவே இல்லை. பல மாதமாகக் குறைந்த ரத்தத்தில் வாழப் பழகிய மூளையின் குழாய்கள் முழுக்க விரிந்தே கிடக்கும். திடீரென்று மேலே வழி திறந்ததும், வாய்க்கால் காய்ந்து கிடந்த வயலுக்கு மடையை மொத்தமாகத் திறந்ததுபோல ரத்தம் பாயும். சுருங்கிக் கட்டுப்படுத்த அந்தக் குழாய்களுக்குத் தெரியாது. பிரஷரும் ஏறினால் மூளை வீங்கும், வலிப்பு வரும், சிலருக்கு மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். நூற்றில் ஓரிருவருக்குத்தான் வரும், வந்தால் மிக ஆபத்து. பெரும்பாலும் முதல் வாரத்தில், சில நேரம் ஒரு மாதம்வரை. இதன் முதல் அடையாளம் சிகிச்சை செய்த பக்கத்தில் வரும் கடும் தலைவலி. "ஆஸ்பத்திரி அலைச்சல், தைலம் தேய்ச்சுத் தூங்கு" என்று சொல்லும் தலைவலி இது இல்லை, உடனே போய் பிரஷர் பார்க்கவேண்டியது. வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கி வைத்துக் காலையும் மாலையும் நோட்டில் எழுதுங்கள். ஸ்டென்ட் வைத்த சிலருக்கு ஓரிரு நாள் பிரஷரும் நாடித் துடிப்பும் இறங்கிவிடும், கழுத்திலிருக்கும் பிரஷர் உணரும் நரம்பை ஸ்டென்ட் அழுத்துவதால். அப்போது பழைய பிரஷர் மாத்திரையைப் பழக்கத்தில் கொடுத்துவிடாமல், டிஸ்சார்ஜ் சீட்டில் எது தொடர, எது நிறுத்த என்று பார்த்துக் கொடுக்கவேண்டும். ஆபரேஷன் ஆனவருக்குக் கழுத்து வீங்கி, குரல் மாறி, மூச்சு இழுத்தால் அது நிமிடக் கணக்கு, தையல் வீக்கம் என்று ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது.

முடி வெட்டும் கடையில் கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுப்பது, ஆபரேஷன் ஆகாதவர்களுக்கே கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிய வாய்ப்புள்ள வேலை. ஸ்டென்டோடு இருப்பவர் கடைக்காரரிடம் உட்காரும்போதே சொல்லிவிடட்டும்.

ஒரு மாதம் தாண்டிவிட்டால் மனம் ஆறலாம். கிரெஸ்ட் ஆய்வையே 10 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், ஆரம்ப நாட்களைக் கடந்தவர்களுக்கு அதே பக்கத்துப் பக்கவாதம் ஸ்டென்டில் 6.9 சதவீதம், ஆபரேஷனில் 5.6, இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இல்லை என்றே முடிவு. ஆனால் இந்த நிம்மதியில்தான் ஸ்டாட்டின் மாத்திரை நின்றுபோகிறது, பீடி திரும்பி வருகிறது, டாப்ளர் செக்கப் மறந்துபோகிறது. சரிசெய்தது ஒரு குழாயின் இரண்டு அங்குலம் மட்டும்தானே. எதிர்ப்பக்கக் கழுத்திலும் இதயத்திலும் காலிலும் அதே கொழுப்பு இருக்கிறது, இப்படிப்பட்டவர்களில் பின்னாளில் பக்கவாதத்தைவிட மாரடைப்பால் இறப்பவர்கள்தான் அதிகம். சரிசெய்த இடமே முதல் இரண்டு வருடத்தில் தழும்புபோல வளர்ந்து திரும்பச் சுருங்கலாம், அதைப் பிடிக்கத்தான் டாப்ளர். கையும் பேச்சும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லையே, ஆபரேஷன் தோல்வியா என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன், இது அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கச் செய்தது. இறந்த மூளைப் பகுதியை அது உயிர்ப்பிக்காது, கைக்குப் பிசியோதெரபிதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாய் கோணினால், கை விழுந்தால், "இப்பதானே சரி பண்ணினாங்க, இருக்காது" என்று நினைத்து நேரத்தை விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கவேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும், மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரினே கெடுதல், அது சிடி ஸ்கேனில்தான் தெரியும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. ஆபரேஷனோ ஸ்டென்டோ எந்தத் தேதியில் நடந்தது என்பதை நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சமீபத்தில் கத்தி பட்டவருக்கு அந்த ஊசி போடமுடியாமல் போகலாம், அப்போதும் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று பெரியப்பாவின் சட்டைப்பையிலும், போட்டோ ஒன்று நாங்கள் நான்கு பேர் போனிலும் இருக்கிறது.